வந்து சேர்ந்தவனுக்கு மூச்சு விட நேரம் கொடுங்கப்பா

நண்பர்களோட மலை ஏறப் போனா ஒரு அநியாயம் தவறாம நடக்குது. அதை யாரும் அநியாயம்னுகூட நினைக்கிறதில்ல. அதுதான் வயித்தெரிச்சல்.

முன்னால போறவங்க பாறை நிழலாப் பார்த்து உட்கார்ந்துடுவாங்க. தண்ணி குடிப்பாங்க, செல்ஃபி எடுப்பாங்க, காலை நீட்டி அரட்டை அடிப்பாங்க. ரொம்ப நேரம் கழிச்சு பின்னால வர்றவன் மூச்சு வாங்க வந்து சேருவான். தோள்ல இருக்கிற பையை இன்னும் இறக்கிக்கூட இருக்க மாட்டான். "வந்துட்டான்டா, கிளம்பு!" அவ்வளவுதான், எல்லாரும் எழுந்தாச்சு. ஓய்வே தேவைப்படாதவங்களுக்கு அரை மணி ஓய்வு, உயிர் போற மாதிரி வர்றவனுக்கு ஒரு நிமிஷம் கிடையாது! உச்சி வரைக்கும் இதேதான். கடைசியில "உன்னாலதான் லேட்டு"ன்னு பேச்சு வேற.

அந்தப் பின்னால வர்றவன் நான்தான்.

மலை ஏற எவ்வளவு நேரம் ஆகும்னு கணக்கு போட்டது யாரு? குழுவிலேயே வேகமா நடக்கிறவன். வில்லியம் நேஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி 1892-லயே ஒரு கணக்கு சொல்லியிருக்கார். மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர் நடை, அதுக்கு மேல ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். அதுவே நல்ல திடமா இருக்கிறவங்களுக்கான கணக்கு. நம்மாளு ஏற்றத்தையும் சேர்க்கலை, வெயில்ல கொதிக்கிற மொட்டைப் பாறையையும் சேர்க்கலை, என்னையும் சேர்க்கலை.

சரி, எப்படியோ மேல இருக்கிற பழைய கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே எனக்குக் கிடைச்ச வரவேற்பு: "மேல ஒண்ணும் இல்லடா, நாலு இடிஞ்ச சுவருதான். வா, இறங்கலாம்."

ஒண்ணும் இல்லையா? சுவருக்குப் பக்கத்துலயே ஒரு பாறை, அதுல கோடு போட்ட மாதிரி வரிசையா சின்னச் சின்னக் குழிகள். கல்லைப் பிளக்க ஆப்பு அடிக்கிறதுக்காக வெட்டின குழிகள் அவை. பாறை பாதி பிளந்து, மீதி அப்படியே நிக்குது. சுவருக்கான கல்லைக் கீழேயிருந்து சுமந்து வரலை, இங்கேயே உடைச்சிருக்காங்க! குழிக்குள்ள விரலை விட்டா உளி பட்ட தடம் இன்னும் சொரசொரன்னு இருக்கு. கொஞ்சம் தள்ளி, மழைத்தண்ணி தேங்கப் பாறையைக் குடைஞ்ச தொட்டி. மலைக்கு மேல கோட்டை கட்டினவனுக்கு மதிலைவிட முக்கியம் தண்ணி. முற்றுகை போட்டவன் கீழேயே காத்திருந்தா போதும், தண்ணி இல்லாத கோட்டை தானா விழுந்துடும். அந்தத் தொட்டிக்குள்ள இறங்கப் படி இருந்துதா, எவ்வளவு ஆழம், எதையும் நான் பார்க்கலை. "டேய், வர்றியா இல்லையா?"ன்னு கத்தல். இதைப் பார்க்கத்தானேப்பா ஏறினோம்!

இறங்குறப்ப இன்னும் மோசம். ஒவ்வொரு அடியிலும் உடம்பு எடையைத் தொடைத் தசைதான் பிடிச்சு நிறுத்தணும். ஏற்கெனவே களைச்ச கால் அங்கேதான் நடுங்கும். சரிவுப் பாறை மேல பொடிக் கல்லும் மணலும் கிடந்தா, கால் வெச்சதும் வழுக்கும். அந்த இடத்துல போய், கண்ணுக்கே தெரியாத தூரத்துல இருக்கிற கூட்டத்தைப் பிடிக்க ஒருத்தனை ஓட விடுறீங்க. கணுக்கால் பிசகினா அவனைத் தூக்கிட்டுப் போகப் போறது யாரு? அப்ப உங்க வேகம் எங்கே போகும்?

அடுத்த தடவை மெதுவா நடக்கிறவன்தான் முன்னால போகணும், மத்தவங்க அவன் பின்னால. கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரம் ஆரம்பிக்கும். மேல போனா குறைஞ்சது ஒரு மணி நேரம் இருக்கணும். இதுக்கு ஒத்துக்க முடியாதுன்னா தயவுசெஞ்சு என்னைக் கூப்பிடாதீங்க.