ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து எங்களுக்கு சைக்கிள் பாடம் எடுக்காதீர்கள்

இரண்டு நாளாக எல்லோருடைய டைம்லைனிலும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த எண்ணூர் விரைவுச்சாலை சைக்கிள் வீடியோவை நானும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அங்கே வந்து சைக்கிள் ஓட்டி வீடியோ போட்டவர் யார் என்று பெயர் சொல்லப்போவதில்லை. சாலை இவ்வளவு அகலமாகக் கிடக்கிறது, கடல் காற்று வேறு, வட சென்னைக்காரர்களுக்கு சைக்கிளில் வேலைக்குப் போக மனம்தான் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அவர் பேசியதைக்கூட விட்டுவிடலாம். அதற்குக் கீழே வந்த கமெண்ட்களைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அவர் வந்தது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. திங்கட்கிழமை எட்டு மணிக்கு அதே இடத்துக்கு வரட்டும். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள் இடது ஓரத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். சைக்கிள்காரருக்கு மிச்சம் இருப்பது நிற்கிற டிரெய்லருக்கும் ஓடுகிற டிரெய்லருக்கும் நடுவில் உள்ள சந்து. அதில் மணலும் ஜல்லியும் கிடக்கும். பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். இதில் மனம் எங்கே வருகிறது?

வேலை எங்கே, எத்தனை மணிக்கு, நடுவில் என்ன கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒருவர் சைக்கிளில் போகிறாரா, பைக்கிலா, பஸ்ஸிலா என்பதை இந்த மூன்றும்தான் முடிவு செய்கின்றன. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்கிறேன்.

என் அப்பா தண்டையார்பேட்டையிலிருந்து கொருக்குப்பேட்டை குடோனுக்கு சைக்கிளில்தான் போனார். லோடுமேன் வேலை. ஹேண்டில்பாரில் டிபன் கேரியர், பின்னால் கேரியரில் மடித்த சாக்கு. ரயில்வே கேட் போட்டிருந்தால், சைக்கிளைத் தரையோடு தரையாகச் சாய்த்து, கட்டைக்கு அடியில் முதலில் அதைத் தள்ளிவிட்டு, பிறகு தான் குனிந்து நுழைவார். நேரத்துக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது. சாயங்காலம் வந்து முகம் கழுவினால் துண்டில் கறுப்பாக ஒட்டும். அவரை யாரும் வீடியோ எடுக்கவில்லை. காற்றை மாசுபடுத்தாத மனிதர் என்று யாரும் பாராட்டவுமில்லை. கொஞ்சம் காசு சேர்ந்ததும் அவர் செய்த முதல் வேலை, தவணையில் ஒரு டிவிஎஸ் 50 வாங்கியது. அன்றைக்கு எங்கள் வீட்டில் கேசரி.

இப்போதும் காலை ஐந்தரைக்குத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நின்று பாருங்கள். கொத்தனார்கள், வாட்ச்மேன்கள், பால் போடுகிறவர்கள், கம்பெனிகளில் துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் சைக்கிளில்தான் போகிறார்கள். ஹெல்மெட் கிடையாது, பின்னால் சிவப்பு விளக்கு கிடையாது, ஸ்டாண்டு போட்டால் பாதி சைக்கிளுக்கு நிற்காது. வட சென்னையில் சைக்கிளே ஓடவில்லை என்று சொன்னால் இவர்கள் உங்கள் கண்ணில் படவில்லை என்றுதான் அர்த்தம். உங்களைப் போல உடை போடாதவர் ஓட்டினால் அது சைக்கிள் கணக்கில் வராதா?

"மெட்ரோதான் கொடுத்துவிட்டார்களே, அதில் போக வேண்டியதுதானே" என்று சிலர் கேட்கிறார்கள். மெட்ரோ நல்ல விஷயம். அதில் எனக்குச் சண்டை இல்லை. அதிகபட்சக் கட்டணத்தை 2021ல் 70 ரூபாயிலிருந்து 50 ஆகக் குறைத்ததும் நல்ல விஷயம். ஆனால் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு 2015ல் ரயில் ஓடியது. வண்ணாரப்பேட்டைக்கு 2019ல் வந்தது. எங்கள் பக்கத்து விம்கோ நகர் வரை வர 2021 பிப்ரவரி வரை காத்திருந்தோம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ல் எங்கள் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது என்பதையும் இந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டும்.

அந்த மெட்ரோவும் எங்களைத் தெற்கே கொண்டுபோகிறது. எனக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், மேற்கே. மெட்ரோவில் போனால் சென்ட்ரலில் இறங்கி, வெளியே நடந்து, மூர்மார்க்கெட் பக்கம் புறநகர் ரயில் பிடித்து, பட்டரவாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கொருக்குப்பேட்டையில் புறநகர் ரயில் ஏறினால் டிக்கெட் மலிவு, ஆனால் பேசின்பிரிட்ஜில் மாற வேண்டும். சிக்னலுக்காக ரயில் வெளியே நின்றுவிட்டால் அடுத்த ரயிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டில் சமைத்துவைத்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கிளம்புகிற ஒருத்தி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் கடைசியில் ஸ்கூட்டி சாவியைத்தான் எடுப்பாள். நானும் அப்படித்தான். மூலக்கடை, ரெட்டேரி வழியாக லாரிகளோடு லாரியாகப் போய்வருகிறேன். ஆசைப்பட்டுப் போகவில்லை.

மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மூன்று வழித்தடங்களில் இரண்டு மாதவரத்தில்தானே தொடங்குகின்றன என்று ஒரு தோழி எழுதியிருந்தார். நியாயம்தான். பெரம்பூர், அயனாவரத்துக்காரர்களுக்கு அது உதவும். மணலிக்கும் எண்ணூருக்கும் அதில் ஒன்றும் இல்லை. மாதவரத்திலிருந்து போகும் ரயில் தெற்கே சோழிங்கநல்லூர் வரை, சிறுசேரி சிப்காட் வரை போகும். சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் அனல்மின் நிலையமும் இருக்கிற பக்கம் ஷிப்ட்டுக்குப் போகிறவர் என்ன செய்வார்?

அப்புறம், பெண்களுக்கு இலவச பஸ். 2021 மே மாதம் அது வந்தபோது எங்கள் தெருவில் எத்தனை பேர் நிம்மதியாக மூச்சு விட்டார்கள் என்று நான் பார்த்தேன். அதை ஓசி என்று பேசுகிறவர்களிடம் எனக்குப் பேச்சே கிடையாது. ஆனால் சாதாரணக் கட்டண பஸ்ஸில்தான் அது செல்லும். அந்த பஸ் வர வேண்டும், நிற்க வேண்டும். மழை பிடித்தால் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கி எல்லாம் சுற்றிக்கொண்டு போகும். காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிற எங்கள் பெரியம்மா இன்றுவரை ஷேர் ஆட்டோவில்தான் போகிறார். பஸ்ஸில் கூடையைத் தூக்கி வைத்தால் பக்கத்து சீட்டில் இருப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோவார். அந்த அவமானம் வேண்டாம் என்று கையில் இருக்கிற காசைக் கொடுத்துப் போகிறார். டிக்கெட் இலவசம் என்றாலும் அவருக்கு அது இலவசம் இல்லை.

"சீக்கிரம் கிளம்பலாமே" என்பவர்களுக்கு: கிளம்புகிறோம். ஐந்து மணிக்கு எங்கள் தெருவில் விளக்கு எரியும்.

கார் வைத்திருப்பவர்களைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். பேசலாம். ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்து ஒரு லேனை அடைத்துக்கொண்டு போகிற காரைப் பற்றி அந்த வீடியோவில் ஒரு வார்த்தை வந்ததா? பைக்கில் கணவன், மனைவி, நடுவில் பிள்ளை என்று போகிற எங்கள் ஆட்கள்தான் கண்ணை உறுத்தியிருக்கிறார்கள்.

உண்மையில் என்னைக் குத்தியது அந்தக் கமெண்ட்கள். அந்த ஏரியா பசங்களுக்கு வீலிங் செய்யத்தான் பைக் என்கிறார் ஒருவர். சைக்கிளை அங்கே நிறுத்தினால் திரும்பி வரும்போது இருக்காது என்கிறார் இன்னொருவர். அதற்கு நூற்றுக்கணக்கில் சிரிப்பு எமோஜி. என்னோடு ஒரே அலுவலகத்தில் சாப்பிடுகிறவர்களும் அதில் சிரித்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு கேஸும் பெட்ரோலும் மின்சாரமும் எங்கள் பக்கத்திலிருந்து வரும், அதன் புகையும் லாரியும் எங்கள் பக்கமே இருக்கும். நாங்கள் எப்படி வேலைக்குப் போவது என்று சொல்லித்தருவது மட்டும் அங்கிருந்து வருமா? தி.நகர் பாண்டி பஜாரில் நடப்பவர்களுக்கென்று 2019ல் சாலையையே மாற்றிக் கட்டினார்கள். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று மாநகராட்சி 2014லேயே கொள்கை வகுத்தது. அந்தக் கொள்கை எந்தத் தேதியில் எண்ணூர் விரைவுச்சாலைக்கு வரும் என்று அந்தப் பெரிய கேமராவை வைத்துக்கொண்டு ஒருமுறை கேட்டிருந்தால் அந்த வீடியோவை நானே ஷேர் செய்திருப்பேன்.

என்னதான் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு எழுதிவிடுகிறேன். டிரெய்லர்களுக்கு நிற்கத் தனி யார்டு, சாலையோரத்தில் நிற்கக் கூடாது. சைக்கிளுக்கு வெறும் பெயின்ட் கோடு போதாது, லாரி ஏற முடியாத கட்டையோடு ஒரு தடம் வேண்டும். தண்டையார்பேட்டையிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் காலை ஷிப்ட்டுக்கு முன்னால் போய்ச்சேருகிற நேரடி பஸ், அடிக்கடி வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கும் அதே பஸ் திரும்ப வேண்டும். அந்த வீடியோக்காரருக்குத் தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் இந்தப் பதிவில் அவரை டேக் செய்யுங்கள்.