கேரியர் தாங்கும், கூரை தாங்குமா?

வண்டிக் கூரைமேல் சாமான் ஏற்றப் பொருத்தும் ரூஃப் கேரியரில் 150 கிலோ என்று போட்டிருந்தால் டென்ட், ஜாக், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் மேலேயே ஏற்றலாம் என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறு. அது கேரியர் தாங்கும் எடை. வண்டியின் கூரைக்குத் தனி வரம்பு உண்டு, இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. 3 கதவு சுசுகி ஜிம்னிக்கு வெறும் 30 கிலோ, கேரியரின் சொந்த எடையும் அதற்குள்தான்! 20 லிட்டர் கேன் ஒன்றை நிரப்பி வைத்தாலே 20 கிலோ போய்விடும், அப்புறம் டென்டுக்கு எங்கே போவது? நின்ற வண்டியில் மேலே இரண்டு பேர் படுத்துத் தூங்குவது வேறு கதை. ஓடும்போது, அதுவும் பக்கவாட்டுச் சரிவில், மேலே இருக்கும் ஒவ்வொரு கிலோவும் வண்டியைக் கவிழ்க்கத்தான் பார்க்கும். ஜாக், ஷேக்கிள் (இழுவைக் கயிற்றை வண்டியோடு மாட்டும் இரும்புக் கொக்கி வளையம்) மாதிரி கனமானதை முன் சீட்டுக்குப் பின்னால் தரையோடு வைத்துப் பட்டை போட்டு இறுக்குங்கள். இழுவைக் கயிறு மட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், சேற்றில் மாட்டியபின் மூட்டை முடிச்சையெல்லாம் இறக்கிவைத்துத் தேட முடியாது.