லாப்ரடூடில் வாங்கப் போகிறவர்களுக்கு

"பிள்ளைக்கு வீசிங் இருக்கு, லாப்ரடூடில் வாங்கினா ஒண்ணும் ஆகாதுதானே?" இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆகாது என்று யாராலும் சொல்ல முடியாது. 'இது அலர்ஜியே தராத நாய்' என்று விற்பவர் சொல்வதை நம்பி, தயவுசெய்து முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

இந்த நாய் பிறந்த கதையைக் கேளுங்கள். 1980களின் இறுதியில் ஹவாயில் பார்வையற்ற பெண் ஒருவருக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. கணவருக்கோ நாய் என்றாலே அலர்ஜி. ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்கள் சங்கத்தில் வேலை பார்த்த வாலி கான்ரன், முடி அதிகம் கொட்டாத பூடில் இன நாய்களைப் பழக்கிப் பார்த்தார். 33 பூடில்கள்! ஒன்றுகூடத் தேறவில்லை. அப்புறம்தான் லாப்ரடாரையும் பூடிலையும் இணை சேர்த்தார். பிறந்தன மூன்று லாப்ரடூடில் குட்டிகள். மூன்றின் முடியும் எச்சிலும் ஹவாய்க்குப் போயின. அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது சுல்தான் என்ற ஒரே குட்டி.

ஒரே ஈற்றுக் குட்டிகளிலேயே மூன்றுக்கு ஒன்றுதான். பிறகு எப்படி இனம் மொத்தத்துக்கும் உத்தரவாதம் தருகிறார்கள்? எனக்குக் கோபமே வருகிறது. கான்ரனே பிற்காலத்தில், கண்டபடி கலந்து விற்பவர்களைப் பார்த்து, இதை ஏன்தான் தொடங்கினோம் என்று மனம் நொந்து பேசினார்.

அலர்ஜிக்குக் காரணம் முடி என்று நினைக்கிறோம். எச்சிலிலும் உதிரும் தோல்செதிளிலும் இருக்கும் புரதம்தான் படுத்துகிறது. அது எல்லா நாய்க்கும் உண்டு. 2012இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், லாப்ரடூடில் உள்ளிட்ட 'அலர்ஜி தராத' இனங்களின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் கூடுதலாகவே இருந்தது.

நாயைக் குறை சொல்லவில்லை. லாப்ரடாரின் பாசமும் பூடிலின் புத்தியும் சேர்ந்து வந்தால் அருமையான பிள்ளை. ஆனால் எல்லாக் குட்டிக்கும் சுருள்முடி வராது. சிலது லாப்ரடார் மாதிரியே வீடெங்கும் கொட்டும். சுருள்முடி வந்தால் சீப்பு வேலை. அக்கா வீட்டு நாய்க்கு நான்கு நாள் வாராமல் விட்டால் காதுக்குப் பின்னால் முடி கம்பளி மாதிரி திரண்டுவிடும். விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும்; இழுத்தால் கத்தும்.

அக்கா மகனுக்கும் அலர்ஜி உண்டு. முதலில் பார்த்த குட்டி கழுத்தை நக்கிய பத்தாவது நிமிடம் தடித்துச் சிவந்துவிட்டது. அழுதான். அதே ஈற்றில் இன்னொரு குட்டியோடு மூன்று நாள், தினமும் ஒரு மணி நேரம் உட்கார வைத்தோம். டாக்டரிடமும் கேட்டோம். அதுதான் இப்போது வீட்டில் இருக்கிறது. படுக்கையறைக்குள் மட்டும் இன்றுவரை விடுவதில்லை.