ப்ரீஃபெட்ச் ஃபோல்டர் குப்பை இல்லை

விண்டோஸில் உள்ள ப்ரீஃபெட்ச் ஃபோல்டரை வாரம் ஒருமுறை காலி செய்தால் கணினி வேகமாகும், இடமும் மிச்சமாகும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் நடப்பது வேறு.

ஒரு நிரலைத் திறந்ததும் அது எந்தெந்தக் கோப்புகளை எடுக்கிறது என்று விண்டோஸ் கவனித்துக் குறித்து வைக்கிறது. அந்தக் குறிப்புகள்தான் இந்த ஃபோல்டரில் இருப்பவை. அடுத்த முறை அதே நிரலைத் திறக்கும்போது, வேண்டியதை முன்கூட்டியே நினைவகத்துக்கு எடுத்துவர அவை உதவுகின்றன. அழித்துவிட்டால் விண்டோஸ் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். அடுத்த தடவை நிரல் சற்று மெதுவாகவே திறக்கும். (கணினியில் இருப்பது எஸ்எஸ்டி எனும் வேகமான சேமிப்பகம் என்றால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம்.) பழைய குறிப்புகளை விண்டோஸே கழித்துவிடும், நாம் மெனக்கெட வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் நீங்களே பாருங்கள். விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் prefetch என்று தட்டுங்கள். அனுமதி கேட்கும், கொடுங்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்டீஸ் பார்த்தால், மொத்தமும் பெரும்பாலும் சில எம்பிக்கள், மிஞ்சினால் சில பத்து எம்பிக்கள்தான். சில ஃபோட்டோக்களின் அளவுதான் தேறும்! அப்புறம் நோட்பேட் பெயரில் இருக்கும் கோப்பை மட்டும் அழித்துவிட்டு, நோட்பேடைத் திறந்து கொஞ்சம் பொறுங்கள். அதே கோப்பு திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும்.

இடம்தான் வேண்டுமென்றால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், அதற்குள் டெம்பரரி ஃபைல்ஸ், அங்கே தொடங்குங்கள்.