அது மரத்தூள் இல்லை

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த வீடியோவைப் பதினொரு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். சுகர் மாத்திரையை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் வழவழவென்று இருப்பதை விரலால் நசுக்கி "பாருங்க, மரத்தூள்" என்கிறாரே, அதேதான். அதன் கீழே என்னை டேக் செய்து "உங்க கம்பெனி லட்சணம்" என்று எழுதியவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அது மரத்தூள் இல்லை. செல்லுலோஸ். 1838-லேயே அன்செல்ம் பயான் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பிரித்துக் காட்டிய பொருள். நீங்கள் மென்று துப்பும் முருங்கைக்காய்ச் சக்கையில் இருக்கிறது, வாழைத்தண்டு நாரில் இருக்கிறது. பருத்தி வேட்டி பெரும்பாலும் அதுதான். மரத்திலிருந்தும் எடுக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மரத்துக்கு விறைப்பு தரும் லிக்னினை நீக்கி, அமிலத்தில் பக்குவப்படுத்தி, கழுவி, உலர்த்திய வெள்ளை மாவை மரத்தூள் என்றால், சர்க்கரையையும் கரும்புச் சக்கை என்றுதான் சொல்ல வேண்டும்.

மாத்திரையில் இதை எதற்குச் சேர்க்கிறார்கள்? சில தைராய்டு மாத்திரைகளில் மருந்து வெறும் 25 மைக்ரோகிராம். ஒரு கிராம் மருந்தில் 40,000 மாத்திரை போடலாம். அந்தத் துளியை மட்டும் கையில் கொடுத்தால் எப்படி விழுங்குவீர்கள்? மாத்திரைக்கு ஓர் உடம்பு வேண்டும். அழுத்தினால் ஒட்ட வேண்டும், வயிற்றுக்குள் போனதும் உடைய வேண்டும். இரண்டுக்கும் செல்லுலோஸ் வகைகள் உதவுகின்றன. மருந்துக் கம்பெனியின் குவாலிட்டி கன்ட்ரோலில் 14 வருஷம் இதைத்தான் பார்த்தேன். ஆறு கண்ணாடிக் குழாய் வைத்த கூடை 37 டிகிரி தண்ணீரில் ஏறி இறங்கும். கோட்டிங் இல்லாத சாதாரண மாத்திரை 15 நிமிஷத்தில் உடைந்தாக வேண்டும். ஒன்று உடையாமல் குழாயின் அடி வலையில் தங்கினாலும் இன்னும் 12 மாத்திரை எடுத்து மறுபடி போட்டுப் பார்ப்போம்.

வீடியோவில் ஊறியது எஸ்.ஆர். மாத்திரை, அதாவது மருந்தை மெதுவாக விடும் வகை. அது உடனே கரையக் கூடாது. ஹைப்ரோமெல்லோஸ் என்ற செல்லுலோஸ் வகை தண்ணீர் பட்டதும் கூழாக ஊதி, மருந்தைப் பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அவர் நசுக்கிக் காட்டிய வழவழப்புதான் அந்த மாத்திரையின் வேலையே.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் என் சித்தி சுகர் மாத்திரையை மூன்று வாரம் நிறுத்திவிட்டார். காலில் புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் காதோரம் வந்து, "முழுசா வெளிய வந்துருச்சு கண்ணு, அப்புறம் எதுக்கு முழுங்கணும்?" என்றார். கழிப்பறையில் பார்த்தது மருந்து வெளியேறிய வெறும் கூடு. அப்படி வருவது உண்டு. எழுதிக் கொடுத்தவர் சொல்லவில்லை, கடையில் கொடுத்தவர் சொல்லவில்லை. மாத்திரையோடு பிழைத்த நானும் சொல்லவில்லை.

"சாப்பாட்டிலும் கலக்கிறார்களே" என்பீர்கள். ஆமாம். ஐஸ்கிரீம் டப்பாவில் 466 என்று போட்டிருப்பது கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ். ஐஸ் கட்டி கட்டியாகப் படியாமல் இருக்கச் சேர்ப்பது. 2016-ல் அமெரிக்காவில் பார்மசான் சீஸில் அளவுக்கு மேல் செல்லுலோஸ் கலந்து விற்ற விவகாரம் வெடித்தது. அது மோசடி, தண்டிக்க வேண்டியதுதான். 466 எலிகளின் குடலில் அழற்சியைத் தூண்டியதாக 2015-ல் ஆய்வும் வந்தது. சரி, ஐஸ்கிரீமைக் குறையுங்கள், நானே சொல்கிறேன். அதற்காக சுகர் மாத்திரையை எதற்கு நிறுத்துகிறீர்கள்?

"கம்பெனிக்காரி அப்படித்தான் பேசுவாள்." வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது. எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை. அதை எழுதியது வெளியாள் என்றால் விட்டிருப்பேன். என் பெரியப்பா வீட்டிலிருந்து வந்தது. பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தபோது தினமும் நான்கு வேளை சொட்டு மருந்து விட்டது நான். அதன் அட்டையிலும் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் என்றுதான் இருந்தது. அன்று நான் சொன்னதை நம்பினீர்கள். இன்று முகம் தெரியாத ஒருவர் டம்ளரோடு வந்து சொன்னதும் நான் பொய்க்காரி ஆகிவிட்டேன்.

சித்திக்கும் அந்த வீடியோ போயிருக்கிறது. நேற்று ராத்திரி போன் செய்து "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டேன். போட்டாச்சு என்றார். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது.