"அரசியல் கூடாது" விதியை நான் ஏன் எடுத்துவிட்டேன்

செடி வளர்ப்பவர்களுக்கான குழு ஒன்றில் சில வருடங்களாக அட்மினாக இருக்கிறேன். ஒரு தேர்தல் நேரத்தில் வாக்குவாதம் முற்றிப்போய், நெடுநாள் நண்பர்கள் இருவர் ஒருவரையொருவர் பிளாக் செய்துகொண்டார்கள். அன்றிரவே "இனி இங்கே அரசியல், செய்தி எதுவும் கூடாது" என்று விதி போட்டேன். குழு அமைதியானது.

சில மாதம் கழித்து ஓர் உறுப்பினர், ஒரு பூச்சிமருந்துக்குத் தடை வந்த செய்தியைப் போட்டு, "இதை நான் வெறுங்கையால் தெளித்திருக்கிறேனே, உடம்புக்கு ஏதும் ஆகுமா?" என்று கேட்டிருந்தார். விதியைக் காட்டி நீக்கினேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் குழுவை விட்டுப் போய்விட்டார். அந்த வருடம் முழுக்க அதைவிட முக்கியமான கேள்வியை யாரும் கேட்கவில்லை. எது அரசியல் என்று முடிவு செய்தது நான்தானே. என்னைத் தொடாத விஷயமெல்லாம் எனக்கு அரசியலாகத் தெரிந்திருக்கிறது. இது என்னை இன்றுவரை உறுத்துகிறது.

குழுக்களைக் கெடுப்பது படிக்காமல் பகிர்ந்துவிடும் அவசரம்தான் என்று இப்போது நம்புகிறேன். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 தகவல்களை ஆராய்ந்து 2018-இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். அதிலும் அரசியல் பொய்தான் மிக வேகம். அதற்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்கள். 2020-இல் அதே ட்விட்டர், பகிரும் முன் "கட்டுரையைப் படித்தீர்களா?" என்று கேட்டுப் பார்த்தது. அந்தக் கேள்வியைப் பார்த்தவர்கள் கட்டுரையைத் திறப்பது 40 சதவீதம் கூடியது. ஒரு கேள்விக்கே இந்தப் பலன்!

அதனால் இப்போது தலைப்புக்குத் தடை இல்லை. செய்தி போடுகிறவர் அது வெளியான தேதியைச் சொல்ல வேண்டும், பழைய செய்தி புதுச் செய்தியாக உலவுவது அவ்வளவு சாதாரணம். கூடவே, அதை ஏன் போடுகிறார் என்று சொந்தமாக இரண்டு வரி எழுத வேண்டும். வெறும் ஃபார்வர்டு நிற்காது. நீக்கினால் காரணத்தை எல்லோர் முன்பும் எழுதுகிறோம். நான் வாதாடிய பதிவில் நான் கை வைப்பதில்லை, இன்னொரு அட்மின்தான் பார்ப்பார். கோபத்தில் இருக்கும்போது எதிராளி எழுதியதெல்லாம் எனக்கு விதிமீறலாகவே தெரியும்.

சண்டை இன்னும் வருகிறது. வரட்டும்.

அந்த உறுப்பினருக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. நீக்கிய பதிவு இப்போது என்னிடமும் கிடையாது. அவரே திரும்ப வந்து கேட்டால்தான் உண்டு.