ஒரு வரி எழுதிக் கொடுத்தா என்ன குறைஞ்சு போகுது?

மூனு ராத்திரி தூக்கம் போச்சு. வயித்தெரிச்சல்ல எழுதறேன்.

பினாங்கு பாயான் லெப்பாஸ்ல எங்க தொழிற்சாலை. அளவெடுக்கிற மிசினுக்கு சப்ளையர் கொடுத்த டிஎல்எல் (மத்த புரோகிராம் கூப்பிட்டுப் பயன்படுத்துற ஃபங்ஷன் தொகுப்பு) சி பிளஸ் பிளஸ்ல எழுதினது. ரீடிங்கை வாங்கிச் சேர்க்கிற என் புரோகிராம் பைத்தான். நடுவுல சிடைப்ஸ், பைத்தான்ல இருந்து டிஎல்எல்லைக் கூப்பிட உதவுற பாலம். என் மேசையில நாள் முழுக்க ஓடுச்சு. லைன்ல போட்ட அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு நைட் ஷிப்ட் அக்கா போன்: "தம்பி, ஆக்சஸ் வயலேஷன்னு என்னமோ காட்டிட்டு மறுபடியும் நின்னுபோச்சு." தொடக்கூடாத மெமரியைப் புரோகிராம் தொட்டா வர்ற பிழை அது. ஒரு டிரே முழுக்க அவங்க திரும்ப அளந்தாங்க, நின்னுக்கிட்டே.

காரணம் என்ன தெரியுமா? மிசினைத் திறக்கிற ஃபங்ஷன் ஒரு பாயின்டரை, அதாவது மெமரி முகவரியை, திருப்பித் தருது. 64 பிட்ல அது 8 பைட். என்ன வரும்னு சொல்லி வைக்கலைன்னா சிடைப்ஸ் அதை இன்ட்டுன்னு, சாதாரண முழு எண்ணுன்னு எடுத்துக்கும், 4 பைட். மேல்பாதி காலி. வீட்டு நம்பர் கையில இருக்கு, தெருப் பேரு போச்சு! என் கணினியில முகவரி சின்னதா விழுந்ததால தப்பிச்சது. லைன்ல பெருசா விழுந்துச்சு, அவ்வளவுதான்.

சொல்லி வைக்காதது என் தப்புன்னு வாதாட வராதீங்க. எதைப் பார்த்துச் சொல்றது? எந்த ஃபங்ஷன் எதை வாங்கும், எதைத் தரும்னு சொல்ற ஹெட்டர் கோப்பே தரலை. வந்தது ரெண்டு பக்க பிடிஎஃப், அதுல பெரும்பாலும் ஃபங்ஷன் பேரு மட்டும். அவங்க ஒதுக்கின மெமரியை யார் விடுவிக்கணும்? ஒரு வார்த்தை இல்லை. நான் விடுவிச்சேன், அதுக்கும் புரோகிராம் நின்னுபோச்சு. அவங்க பக்கம் ஒதுக்கினதை அவங்க பக்கமேதான் விடுவிக்கணும். அதுக்கு ஒரு ஃபங்ஷன் தந்திருக்கணுமா இல்லையா? வகை சொன்ன ஒண்ணு ரெண்டு இடத்துலயும் வெறும் 'லாங்'னு ஒரு முழு எண் வகை போட்டிருக்கு. 64 பிட் விண்டோஸ்ல லாங் 4 பைட், லினக்ஸ்ல 8. அளவைத் தெளிவாச் சொல்ற இன்ட்32_டி சி மொழியில 1999லயே வந்தாச்சே!

இதுல மேலதிகாரி வேற: "எல்லாத்தையும் ஒரே மொழியில எழுதிட்டா என்ன?" பைத்தான்ல கணக்குப் போட எல்லாரும் பயன்படுத்துற நம்பை உள்ள ஓடுறதே சி-தான் சார். மொழிகள் கலந்துதான் வேலை நடக்குது, அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எல்லையில என்ன கை மாறுதுன்னு எழுதி வைக்காதவங்க மேலதான் கோபம்.

ஹெட்டர் கேட்டு மூனு மின்னஞ்சல் போட்டாச்சு. இன்னிக்கு நாலாவது. இன்னிக்கும் அந்த அக்காவுக்கு நைட் ஷிப்ட்தான்.